குடிக்கணக்கில் ஒரு மகள்

மக்காவ், மீன்சந்து
துங் சி பேரரசர் ஆட்சியின் பத்தாம் ஆண்டு, இரண்டாம் மாதம், அமாவாசை கழிந்த நான்காம் நாள்

பினாங்கில் தச்சுவேலை பார்க்கும் மதிப்புக்குரிய அமூயின் அப்பா அவர்களுக்கு, சொய் யிங் பணிந்து எழுதிக்கொள்வது. உங்கள் கைகால்கள் சுகமாக இருக்கக் கடலம்மன் காக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பையன் உயிரோடு இருக்கிறான். கையில் உளி இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

அவனை மாக் சியூவின் ஆட்கள் பிடித்துப் போய்விட்டார்கள். நீங்கள் ஊரில் இருந்தபோது மாக் சியூ கோழி திருடிக்கொண்டிருந்தான். இப்போது பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பன்றிக்குட்டி வியாபாரம் செய்கிறான், மனுஷரை விற்பதற்கு இங்கே அதுதான் பெயர். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்க ஆள் பிடிப்பதும், கப்பல் வரும்வரை அவர்களைப் பட்டியில் அடைத்து வைப்பதும்தான் அவன் தொழில். படித்துறையில் நம் பையன் உப்புக்கருவாட்டுக் கூடை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் வந்து, "தம்பி, இந்தப் பெட்டியைப் படகுல ஏத்த ஒரு கை குடுப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் குனிந்ததும் துடுப்பால் பின்மண்டையில் ஒரே போடு. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது படியில் ரத்தமும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன. செருப்பு அவனுடையது.

பட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகும் ஹோ அக்காதான் அவன் அங்கே இருப்பதை வந்து சொன்னாள். உள்ளே ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்களாம். போக மாட்டேன் என்று சொன்னவனைத் தூணில் கட்டி, பிரம்பால் முதுகை உரித்து, உரித்த இடத்தில் கடல்நீரை ஊற்றுகிறார்களாம். நம் பையனுக்கு இரண்டு முறை ஊற்றியாகிவிட்டது. உங்கள் பிடிவாதம் அப்படியே அவனிடம் இருக்கிறது.

நான் மீன் வெட்டும் உடுப்போடு அப்படியே பட்டி வாசலுக்குப் போனேன். காவல்காரன் என் மார்பில் உதைத்தான். கீழே விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். எனக்கு இரண்டு பல் போயிற்று. அவனுடைய கட்டைவிரலைக் கடித்த பிடியை நான் விடவில்லை. சதை வாயோடு வந்தது, துப்பிவிட்டேன். இந்த இடத்தில் கடிதம் எழுதித்தரும் புங் ஐயா தூரிகையை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் வேணுமாம்மா? புருஷன் தூரதேசத்துல தனியா இருக்காரு" என்கிறார். "கூலி வாங்கிட்டீங்கல்ல, சொல்றதை எழுதுங்க" என்று நான் சொன்னதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளைக்காரர்களின் அலுவலகத்துக்குப் போனேன். ஊராரைக் கணக்கெடுத்த புத்தகமும் கப்பலேறுகிறவர்களின் புத்தகமும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ஆள், பெல்சியோர் என்ற மொழிபெயர்ப்பாளன். தகப்பன் வெள்ளைக்காரன், தாய் நம்மவள். நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசுகிறான். ஊர்க்காரன் பிள்ளை பட்டியில் இருந்தால், குடிக்கணக்கில் பெயரைக் காட்டிப் பெற்றவர்கள் மீட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். அவனும் நல்லபடியாகவே புத்தகத்தைத் திறந்தான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மீன்சந்து, லாம் வீடு. பொம்பளை ஒருத்தி, பொண்ணு ஒருத்தி. பொண்ணு பேரு அமூய். உனக்கு ஆம்பளப் பிள்ளையே இல்லையேம்மா" என்றான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஆண் குழந்தைகளைப் புதைத்துவிட்டு மூன்றாவதாக இவனைப் பெற்றோம். பேய்களின் கண் படக்கூடாது என்று இடக்காதைக் குத்தி வளையம் போட்டு, பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அமூய் என்று கூப்பிட்டோம். கணக்கெடுக்கிறவர்கள் முதன்முதலில் சிப்பாய்களோடு தெருவுக்குள் வந்தபோது, ஆண்பிள்ளைகளை எண்ணுவதே கப்பலுக்கு விற்கத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அவனைச் சடையும் வளையமுமாக முன்னால் நிறுத்தி, "பொண்ணு" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்று பூசணிவிதை கொறித்துக்கொண்டு தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் தெருத்தலைவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் பழைய கணக்கையே பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அமூய்க்கு மீசை முளைத்ததை எந்தப் புத்தகமும் கவனிக்கவில்லை. அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. நூறு தடவை வந்து கேட்டாலும் நூறு தடவையும் அதையேதான் சொல்வேன்.

அந்த அமூய்தான் என் மகன், உண்மைப் பெயர் லாம் கிம் வா என்று பெல்சியோரிடம் சொன்னேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவன் அடுத்த புத்தகத்தைப் புரட்டி, "லாம் கிம் வா. இந்தப் பேர்ல ஒருத்தன் வந்து, மனசாரத்தான் போறேன்னு மூணு வாட்டி சொல்லிட்டுப் போனான். நான்தான் கேட்டேன்" என்றான். அவன் பார்க்க எப்படி இருந்தான் என்று கேட்டேன். "நாப்பது வயசு இருக்கும். முன்பல்லு தங்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டான். நம் பையனுக்குப் பதினெட்டு வயது. தங்கப்பல் கட்டும் யோகம் நம் பரம்பரையில் யாருக்கும் இல்லை. மாக் சியூவின் ஆள் எவனோ நம் பையன் பெயரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டான். இடக்காதில் துளை, வளையம் கிடந்த தழும்போடு இருக்கும் என்றேன். பட்டியில் அப்படி ஒருத்தன் இருந்தால் என்னிடம் ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டான். நாளை மறுநாள் அவனோடு பட்டிக்குப் போகிறேன். நீங்கள் அங்கே மூன்று ஊதுவத்தி ஏற்றி வையுங்கள். அடுத்த கடிதத்தைப் பையனே எழுதுவான்.

உங்கள் குடும்பத்தாள்,
சொய் யிங்


அதே மாதம், பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பு

அமூயின் அப்பா அவர்களுக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு மனமில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சொன்ன நாளில் பெல்சியோரும் இரண்டு சிப்பாய்களும் நானும் பட்டிக்குப் போனோம். மாக் சியூ வாசல்வரை வந்து வணங்கி வரவேற்றான். எனக்குக்கூட முக்காலி போட்டான். முற்றத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவன் தலையிலும் கந்தல் கட்டு, கட்டின் இடப்பக்கம் சிவப்பு. ஐம்பது பேருக்கு மேல், ஒருவன் பாக்கி இல்லை. "காதுல புண்ணு நோய் பரவுதுங்க. கப்பல் முழுக்க ஒட்டிக்கும்னு வைத்தியர் சொன்னாரு. அதான் எல்லாருக்கும் நறுக்கிட்டோம்" என்றான் மாக் சியூ. நறுக்கியதை ஒரு வாளியில் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள், அதன்மேல் ஈ மொய்த்தது. அலுவலக வாசலில் நிற்கும் சேவகன் மாக் சியூவின் மச்சானாம், அவன்தான் அடையாளத்தைப் போய்ச் சொல்லியிருக்கிறான். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு பிள்ளையை மீட்க நான் சொன்ன அடையாளத்துக்காக ஐம்பது பிள்ளைகளின் காதை அறுத்துவிட்டான், பாடையில் போகிறவன். கருவாட்டுக் கத்தரியால் அறுத்தானாம். கத்தினவன் வாயில் தவிட்டை அடைத்தானாம். நீங்களே சொல்லுங்கள், இவனைப் பெற்றவளும் ஒரு பெண்தானா?

நான் வரிசை ஓரமாக நடந்தேன். முகமெல்லாம் வீங்கி எல்லோரும் ஒரே ஜாடையாக இருந்தார்கள். ஆனால் நம் பையன் நிற்கும்போது வலதுகாலைக் கொஞ்சம் சாய்த்து நிற்பான் அல்லவா, அதைப் பார்த்துவிட்டேன். பெல்சியோர் அவனிடம் போய், "இவங்க உன் அம்மாவா?" என்று கேட்டான். பையன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் மெதுவாக இருமினான். "எனக்கு அம்மா இல்லீங்க. இந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்ல" என்றான் பையன்.

நான் அழவில்லை. அவன் ஏன் சொன்னான் என்று அங்கேயே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஹோ அக்கா வந்து உறுதியாகச் சொன்னாள். அம்மா என்று வாயெடுத்தால் அவளை மீன்சந்திலேயே பிளந்து போடுவோம் என்று முதல்நாளே மிரட்டி வைத்திருக்கிறார்கள். என்னைக் காப்பாற்றுகிறானாம் பெரிய மனுஷன். கையில் கிடைத்தால் முதலில் இரண்டு அறை கொடுத்துவிட்டுத்தான் கட்டிக்கொள்வேன்.

பெல்சியோர் புத்தகத்தில் "உறவு இல்லை" என்று எழுதினான். வெளியே வந்ததும், "நான் என்னம்மா செய்யட்டும்? புத்தகத்துல இல்லாதவன் புத்தகத்துல இல்லாதவன்தான்" என்றான். அவன் முகத்தில் காறித் துப்பியிருப்பேன், வாயில் புண் ஆறவில்லை.

பௌர்ணமி கழிந்த அலையில் கப்பல் போகிறது. அதற்கு முன் நீங்கள் இங்கே வரவும் முடியாது, இந்தக் கடிதம் அங்கே வரவும் முடியாது. பிறகு எதற்கு எழுதுகிறேன் என்று புங் ஐயா கேட்கிறார். சந்தில் யாரிடம் பேசினாலும் "விதி" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள். அதனால் உங்களிடம் பேசுகிறேன். தினமும் பட்டிக்கு எதிரேயே கூடையை இறக்கி மீன் வெட்டுகிறேன். காவல்காரன் துரத்திப் பார்த்தான். கட்டைவிரலில் கட்டோடு இருக்கிறான், கிட்டே வரவில்லை.

சாமிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. நீங்களும் அங்கிருந்து சொல்லுங்கள்.

சொய் யிங்


மூன்றாம் மாதம், வளர்பிறை

என் வீட்டுக்காரருக்கு, சொய் யிங் வணங்கி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் பையன்தான். புங் ஐயாவிடம் சொல்லி எழுதக்கூடிய கடிதமல்ல இது. அவனுடைய சட்டையின் உட்பக்கம் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பௌர்ணமி அன்று காலை, ஆட்களைப் படகில் ஏற்றுவதற்கு முன் கடைசியாகக் கஞ்சி ஊற்றினார்கள். பட்டியில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள், பாதிப்பேர் மலைப்பக்கத்து ஹக்காக்காரர்கள். படுக்கிற இடத்துக்காக ஒருவர் தொண்டையை ஒருவர் நெரித்துக்கொண்டு கிடந்தவர்கள்தான். காதை அறுத்த நாளோடு அந்தச் சண்டை நின்றுவிட்டதாம். வீங்கின மண்டையோடு வலப்பக்கமாகவே எல்லோரும் படுக்கவேண்டி வந்ததால், ஒருவன் முகம் ஒருவன் முதுகில் இருந்திருக்கிறது. அப்படியே வாயும் காதுமாகப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். கொதிக்கிற கஞ்சி அண்டாவை ஒரு பக்கம் ஒரு ஹக்காக்காரனும் மறுபக்கம் நம் பையனும் தூக்கிக் காவல்காரன் தலையில் கவிழ்த்தார்கள். இதை எழுதும்போது அவன் கை நிற்கிறது. "எழுதுடா, உன் அப்பாவுக்குத் தெரியணும்" என்றேன். எழுதுகிறான்.

அதற்குப் பிறகு நடந்தது போர்தான். கஞ்சி அகப்பையும் படுக்கைப் பலகையும்தான் ஆயுதம். தங்கப்பல்காரனைக் கிணற்றுக்குள் தலைகீழாகப் போட்டார்களாம். ஹோ அக்கா அண்டா மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் கிடந்திருக்கிறாள். கோட்டையிலிருந்து சிப்பாய்கள் ஓடிவந்து வாசலில் நின்று சுட்டார்கள். வாசலில் ஆள்மேல் ஆள் விழுந்து கதவே அடைபட்டுப் போயிற்று. அந்த நேரம் பார்த்து மாக் சியூ பின்வாசல் வழியாக மீன்சந்துக்குள் ஓடிவந்தான். பட்டுச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடு, வழி விடு" என்று கத்திக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் வந்தான். என் கையில் மீன் கத்தி இருந்தது. அது என் பிழைப்பு, எப்போதும் இருக்கும். ஒரு கலவா மீனைத் தொண்டையிலிருந்து வால்வரை திறக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாக் சியூ சந்தின் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. இதற்குமேல் எழுதமாட்டேன் என்று பையன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். போகட்டும், இவ்வளவு போதும்.

அவன் சுவரேறி ஓடி, இருட்டியதும் வீட்டுக்கு வந்தான். முதலில் அந்த இரண்டு அறையைக் கொடுத்தேன். பிறகு ராத்திரி முழுவதும் அவனை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாளிலிருந்து இடக்காது இல்லாத ஆண்களைத் தேடி வீடுவீடாக வந்தார்கள். சிப்பாய்கள் கையில் குடிக்கணக்கின் நகல் இருந்தது. நம் வாசலில் நின்று படித்தார்கள்: பொம்பளை ஒருத்தி, பொண்ணு ஒருத்தி. உள்ளே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை நெற்றிவரை இழுத்துக் கட்டி, சடையை முன்னால் தொங்கவிட்டு, ஒருத்தி குனிந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். "கணக்கு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மீசையை மீன் கத்தியாலேயே மழித்திருந்தேன்.

எத்தனை நாள் அப்படி இருப்பான்? அதனால் நானே பெல்சியோரிடம் போனேன். "நீங்க சொன்னதுதான் சரிங்க. பித்துப் பிடிச்சு என்னென்னமோ உளறிட்டேன். எனக்குப் பொண்ணு மட்டும்தான். அவங்க அப்பா பினாங்குல இருக்காரு. அவ அங்க போகக் கப்பல் சீட்டு எழுதிக் குடுங்க" என்றேன். பெண்ணை நேரில் கொண்டுவரவேண்டும், அதுதான் விதி என்றான். கொண்டுபோனேன். தலையைச் சுற்றிக் கன்னம் இரண்டிலும் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியால் கட்டியிருந்தேன். பொன்னுக்கு வீங்கி என்றதும் சேவகன் ஐந்தடி தள்ளிப் போய் நின்றான்.

பெல்சியோர் புத்தகத்தை விரித்து, "மனசாரத்தான் போறியா?" என்று கேட்டான். பையன் குனிந்தபடி நின்றான். "போறா ஐயா" என்றேன். இரண்டாம் முறை கேட்டான். "போறா ஐயா" என்றேன். மூன்றாவது முறை கேட்கும்போது அவன் கண் துணியின் இடப்பக்கத்தில் இருந்தது. அங்கே மஞ்சளோடு கொஞ்சம் ரத்தமும் ஊறியிருந்தது. பெல்சியோர் தலையைக் குனிந்துகொண்டு, "லாம் அமூய், பொண்ணு, பதினெட்டு, தகப்பன்கிட்ட போறா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். வெளியே வரும்போது, "சீக்கிரம் அனுப்பிடும்மா" என்றான். அவன்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.

நாளை காலை அலையில் பாய்க்கப்பல் கிளம்புகிறது. பினாங்குத் துறையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி இறங்குவாள். நீங்கள் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது உங்கள் இடுப்பளவுதான் இருந்தான். இப்போது உங்களைவிட உயரம். பார்த்ததும் கிம் வா என்று கூப்பிட்டுவிடாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். "அமூய், வாம்மா" என்று கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அவனைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். தூக்கத்தில் எழுந்து அடிப்பான். எனக்கு ஒரு கண் வீங்கியிருக்கிறது, அவனுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள், தெரிந்து அழுதுவிட்டான். அடித்தால் திருப்பி அடிக்காதீர்கள். கஞ்சி கொடுக்காதீர்கள், அந்த வாடைக்கே வாந்தி எடுக்கிறான். சோறாக வடித்துக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். ஓடினவர்களில் ஒன்பது பேரைச் சுடுகாட்டு மேட்டில் பிடித்துவிட்டார்கள். மாக் சியூவைக் கொன்றது யார் என்று சொல்லாவிட்டால் ஒன்பது பேரையும் சுடுவோம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்த அந்த ஹக்காக்காரன். பையன் ராத்திரியில் அவன் பெயரைச் சொல்லித்தான் விழிக்கிறான். நான் இவனைத் தேடியது மாதிரி எங்கோ ஒரு மலையில் ஒருத்தி அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். அவர்களை விட்டுவிடுவார்கள், கவலை வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது. கப்பல் கோட்டை முனையைத் தாண்டியதும் நான் பெல்சியோரைப் போய்ப் பார்க்கிறேன். நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். மீன் கூடையை ஹோ அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

வருடப்பிறப்புக்கு இங்கே பணம் அனுப்பவேண்டாம். பையன் திரும்பி வரவேண்டும் என்று எப்போதாவது சொன்னால் விடாதீர்கள். காலைக் கட்டிப் போட்டாவது வைத்துக்கொள்ளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அவனுக்கு நல்ல பெண்ணாகப் பாருங்கள், வாய்த்துடுக்கு கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. உங்களோடு நான் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அங்கேயும் வெள்ளைக்காரர்கள் கணக்கெடுக்க வருவார்கள். வந்தால் இந்த முறை மறைக்காதீர்கள், உள்ளபடி ஆண்பிள்ளை என்றே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்பார்கள். இரண்டு பேர் என்று சொல்லுங்கள். பையன் தலையைத் தூக்கி, ஏன் இரண்டு என்று என்னைக் கேட்கிறான். சொன்னதை எழுதுடா என்றேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

சொய் யிங்